பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸிலிருந்து இயற்பியலுக்கு: எம்.டெக்கா, எம்.எஸ்சி.யா?

எம்.எஸ்சி. இயற்பியலுக்கே போங்கள். குவாண்டம் கம்ப்யூட்டிங் எம்.டெக் படித்தால் இயற்பியலுக்குள் வந்துவிடலாம் என்கிறீர்கள். பெயரில் குவாண்டம் இருப்பதால் வரும் மயக்கம் இது. உங்களிடம் இல்லாதது மின்காந்தவியல், வெப்ப இயக்கவியல் மாதிரியான அடிப்படைகள். கோடிங் ஏற்கெனவே கையில் இருக்கிறதே!

முதலில், ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர்வதற்கான நுழைவுத் தேர்வான ஜாமின் (JAM) பழைய இயற்பியல் வினாத்தாள் ஒன்றை எடுத்து, 3 மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். 60 கேள்வி, 100 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும் பகுதியும் உண்டு, குருட்டாம்போக்கில் டிக் அடிக்காதீர்கள். எந்தப் பாடத்தில் பேனா நின்றுபோகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள்.

ஒன்று: ஜாம் எழுத எந்தப் பட்டமும் போதும், சீட்டுக்கு அது போதாது. பட்டப்படிப்பில் எத்தனை செமஸ்டர் இயற்பியல் படித்தீர்கள் என்று கேட்கும் ஐஐடிகள் உண்டு. முதலாண்டு இன்ஜினியரிங் பிசிக்ஸ் மட்டும் அங்கே செல்லாது. பணம் கட்டுமுன் ஒவ்வொரு நிறுவனத்தின் தகுதி விதியையும் பார்த்துவிடுங்கள்.