பைலட் பயிற்சிக்கு மாந்தோப்பை அடமானம் வைக்கலாமா?

இப்போதைக்கு வைக்காதீர்கள். போச்சம்பள்ளி தோப்பை வைத்து முழுக் கட்டணத்தையும் முதலிலேயே கட்டப் பயிற்சிப் பள்ளியில் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அது அவர்கள் வசதிக்காக இருக்கலாம், விமானப் பயிற்சியையும் லைசென்ஸையும் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி எதுவும் அப்படிச் சொல்லவில்லை.

முதலில் பைலட்டுக்கான உடல்தகுதிப் பரிசோதனையில் கிளாஸ் 2 மெடிக்கல், அப்புறம் கிளாஸ் 1. பக்கத்தில் பெங்களூரிலேயே முடியும். கண்ணிலோ இசிஜியிலோ சிக்கல் வந்தால் சில ஆயிரத்தோடு போகும், தோப்பு தப்பிக்கும். பிறகு நேவிகேஷன், மீட்டியராலஜி, ரெகுலேஷன்ஸ் தேர்வுகளுக்கு வீட்டிலிருந்தே படித்து, தேர்வு மையத்தில் போய் எழுதுங்கள்.

பணத்தை விழுங்குவது லைசென்ஸுக்குத் தேவையான 200 மணி நேரப் பறத்தல்தான். சேரும் முன் ஒரு நாள் நேரில் போய், எத்தனை விமானம் உண்மையில் பறக்கிறது, போன மாதம் ஒரு மாணவர் எத்தனை மணி நேரம் பறந்தார் என்று ஆபீஸில் கேட்காமல் வெளியே டீக்கடையில் நிற்கும் பையன்களிடம் கேளுங்கள். பயிற்சி இழுத்துக்கொண்டே போனால் விடுதிச் செலவும் வட்டியும் ஏறும். பறந்த மணிக்கு ஏற்பத் தவணை கேளுங்கள், மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

எஸ்சி, எஸ்டி என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைப் பட்டியலில் சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) பயிற்சி உண்டு. கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸில் விசாரியுங்கள். கல்விக் கடன் பொதுவாக 7.5 லட்சத்தைத் தாண்டினால்தான் சொத்து அடமானம் கேட்பார்கள், அதைக் கடைசிக் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டத் தகுதி தரும் டைப் ரேட்டிங் பயிற்சி இந்தக் கணக்கில் இல்லை, அது தனியாகப் பல லட்சம். லைசென்ஸ் வந்த மாதமே சம்பளம் வரும் என்று நம்பிக் கடன் தவணை போடாதீர்கள்.