கோபம் நியாயம்தான், ஆண்டுதான் தப்பு

கேள்வி: பாம்பன் தெற்குவாடியில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்தில் யூட்டா ஜாஸ் என் அணி. 2024–25 சீசனில் 17 வெற்றி, 65 தோல்வி. வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்று தெரிந்தும், புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாகப் போகவிருந்த கூப்பர் ஃப்ளாக் கிடைப்பார் என்று பொறுத்துக்கொண்டேன். அந்த வரிசையை முடிவுசெய்யும் 2025 மே மாதக் குலுக்கலில் ஐந்தாவது இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். 1.8 சதவீத வாய்ப்பு வைத்திருந்த டாலஸுக்கு ஃப்ளாக் போய்விட்டார். இதற்கு நடுவே அணி நிர்வாகத்தில் அப்பா டேனி எய்ஞ் இருக்கும் இடத்தில் மகன் ஆஸ்டினையும் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். இனி ஒக்லஹோமா அணிக்கு மாறிவிடலாமா? "ஊர்ல எவனுக்கும் தெரியாத ஆட்டத்துக்கு விடிஞ்சும் விடியாம மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான்" என்று அம்மா வேறு திட்டுகிறார்.

பதில் (2025 கோடையில் எழுதியது): தம்பி, குலுக்கலில் சூது என்ற சந்தேகத்தை முதலில் கழித்துவிடுவோம். 1 முதல் 14 வரை எண் போட்ட 14 பந்துகள். நான்கை எடுத்தால், வரிசை பாராமல், 1,001 கூட்டுகள் வரும். ஒன்றை ஒதுக்கிவிட்டு மீதி 1,000 கூட்டுகளையும் பிளே-ஆஃப் என்ற இறுதிக் கட்டத்துக்குப் போகாத 14 அணிகளுக்குப் பிரித்துத் தருகிறார்கள். அடியில் முடித்த மூன்று அணிகளுக்கு ஆளுக்கு 140. டாலஸ் கையில் இருந்தது வெறும் 18. பந்தை எடுப்பது அணிகளின் ஆட்கள் முன்னிலையில், எர்ன்ஸ்ட் அண்ட் யங் கணக்காளர்கள் மேற்பார்வையில்.

நீங்கள் கணக்கு எழுதுபவர், ஆகவே இதைக் கவனியுங்கள். குலுக்கல் முதல் நான்கு இடங்களுக்கு மட்டும்தான். ஐந்திலிருந்து தோல்விக் கணக்குப்படி வரிசை. எனவே கடைசி அணி ஐந்துக்குக் கீழே இறங்காது, ஆனால் ஐந்திலேயே போய் நிற்க 47.9 சதவீத வாய்ப்பு. முதலிடத்துக்கு 14 சதவீதம்தான். அன்று காலையிலேயே ஜாஸுக்கு அதிக வாய்ப்பிருந்த இடம் ஐந்தாவதுதான். ஃப்ளாக் கிடைப்பார் என்று உங்களுக்கு யார் சொல்லியிருந்தாலும் அது ஆசை வார்த்தை.

முன்பு இப்படி இல்லை. கடைசி அணிக்கு 25 சதவீதம், நான்குக்குக் கீழே இறங்காது என்ற காப்பும் உண்டு. தோல்விக்குப் பரிசு தருவதுபோல் ஆகிறதென்று 2019 முதல் மாற்றினார்கள். அதிலிருந்து 2025 வரை ஏழு குலுக்கல். மிக மோசமாக முடித்த அணி ஒருமுறைகூட முதலிடம் பெறவில்லை. டெட்ராய்ட் 2023, 2024 இரண்டிலும் கடைசியில் முடித்து, இரண்டிலும் ஐந்துக்குப் போனது. இது விசித்திரமாகத் தெரியும். ஆனால் 0.86ஐ ஏழு முறை பெருக்கிப் பாருங்கள், 0.35 வரும். மூன்றில் ஒரு தடவை நடக்கக்கூடியதுதான்.

நிர்வாகம் மீது வைக்க வேண்டிய குற்றச்சாட்டு வேறு. அது அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளைப் பற்றியது.

2022 ஜூலையில் நட்சத்திர ஆட்டக்காரர் ரூடி கோபேரை மின்னசோட்டாவுக்கும் செப்டம்பரில் டோனவன் மிட்செலை கிளீவ்லாந்துக்கும் கொடுத்தார்கள். இரண்டும் சேர்ந்து ஏழு முதல் சுற்றுப் பிக்குகள் (டிராஃப்டில் ஆள் எடுக்கும் உரிமை), அவை போக லாரி மார்க்கனென், வாக்கர் கெஸ்லர் என்ற ஆட்டக்காரர்கள். விற்றவரை அருமையான விலை. தப்பு அதற்குப் பிறகு. தடைக்காலம் உங்களுக்குத் தெரியாததா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகைக் கரையேற்றி, உளுத்த பலகையைக் கழற்றி, எஞ்சினைப் பிரித்து வைத்தால்தான் அந்த நாட்களுக்கு அர்த்தம். தண்ணீரிலேயே மிதக்கவிட்டு மேலே பெயிண்ட் அடித்தால் கணக்கில்தான் தடைக்காலம். ஜாஸ் செய்தது அதுதான். முதல் சீசனை 10–3 என்று அமர்க்களமாகத் தொடங்கினார்கள். பிப்ரவரியில் மைக் கான்லி போன்ற அனுபவசாலிகளை விற்றார்கள். முடிவு 37–45. மறு சீசனிலும் அதே கதை, பிப்ரவரியில் ஒலினிக்கும் ஃபொன்டெக்கியோவும் போனார்கள், 31–51. அக்டோபரில் ஜெயிக்கப் பார்ப்பதும் பிப்ரவரியில் கடையைக் கட்டுவதுமாக இருந்தால், முதல் பாதியில் சேர்த்த வெற்றிகள் பிக்கைக் கீழே தள்ளிவிடும். பிளே-ஆஃபும் இல்லை, நல்ல பிக்கும் இல்லை. கிடைத்தது 9உம் 10உம். 2023இல் ஒன்பதாவதாக எடுத்த டெய்லர் ஹெண்ட்ரிக்ஸ் 2024 அக்டோபரில், சீசனின் மூன்றாவது ஆட்டத்திலேயே கால் முறிந்து போனார். காயத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. விக்டர் வெம்பன்யாமா என்ற அபூர்வ ஆட்டக்காரர் வந்த டிராஃப்டில் ஒன்பதாவது இடத்தில் நின்றதற்குச் சொல்லலாம்.

அந்தக் கடனைத்தான் 17–65 சீசனில் அடைக்கப் பார்த்தார்கள். அதையும் பதவிசாகச் செய்யவில்லை. ஆரோக்கியமாக இருந்த மார்க்கனெனை உட்கார வைத்ததற்காக 2025 மார்ச்சில் லீக் ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது.

அப்பா–மகன் விஷயம். ஆஸ்டின் பாஸ்டனில் பத்தாண்டுக்கு மேல் இருந்து உதவிப் பொது மேலாளர் வரை வந்தவர். அங்கேயும் 2021 வரை தலைமையில் இருந்தது அப்பாதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிள்ளை என்பதற்காகக் கழிக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். அவர் வந்ததும் செய்த முதல் பெரிய காரியம் ஜூன் 25 அன்று ஐந்தாவது பிக்கில் ஏஸ் பெய்லியை எடுத்தது. டிராஃப்டுக்கு முன் எந்த அணிக்கும் தனிப் பயிற்சி காட்டப் போகாத பையன். துணிச்சல்தான்.

ஐந்தாவது என்று மனம் விட வேண்டாம். 2025 சாம்பியன் ஒக்லஹோமாவின் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் 2018இல் பதினோராவது பிக். 2019இல் பால் ஜார்ஜை விற்றபோது வந்தவர். அதே வியாபாரத்தில் வந்த இன்னொரு பிக்கில்தான் ஜேலன் வில்லியம்ஸ், அதுவும் பன்னிரண்டாவது. டெட்ராய்ட் 14–68இலிருந்து ஒரே ஆண்டில் 44–38க்கு ஏறியதும் குலுக்கல் புண்ணியத்தால் அல்ல. பயிற்சியாளரை மாற்றினார்கள். கேட் கன்னிங்ஹாமைச் சுற்றி பீஸ்லி, ஹார்டவே, டோபியாஸ் ஹாரிஸ் என்று தூரத்திலிருந்து எறியத் தெரிந்தவர்களை நிறுத்தினார்கள். ஐந்து சின்னப் பையன்களை ஒன்றாக இறக்கினால் எதிரணி வளையத்தடியில் அடைத்துக்கொண்டு நிற்கும். பந்தோடு உள்ளே நுழைபவனுக்கு வழியே இருக்காது. இளம் அணிகள் முட்டிக்கொண்டு நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

இனி எதைப் பார்ப்பது? முதலில் கெஸ்லர். 2022 டிராஃப்ட் ஆள் என்பதால் 2025 அக்டோபரில் சீசன் தொடங்குமுன் ஒப்பந்தம் நீட்டலாம். நீட்டாவிட்டால் 2026 கோடையில் அவர் வெளியே விலை கேட்கலாம், அந்த விலையைத் தந்து வைத்துக்கொள்ளும் உரிமை ஜாஸுக்கு உண்டு. எனவே நீட்டாததை உடனே துரோகம் என்று எடுக்க வேண்டாம். அடுத்து, நெருக்கமான ஆட்டங்களில் கடைசி ஐந்து நிமிடம் களத்தில் யார் என்று பாருங்கள். பெய்லியும் இன்னொரு இளம் ஆட்டக்காரர் கியான்டே ஜார்ஜும் அங்கே இல்லையென்றால் அப்போது திட்டுங்கள். ஜார்ஜுக்கு ஒரு டர்ன்ஓவருக்கு (பந்தை எதிரணியிடம் இழப்பது) இரண்டு அசிஸ்டாவது (கூட ஆடுபவர் கூடை போடக் கொடுக்கும் பாஸ்) வருகிறதா, பெய்லி எறிவது மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்தா, அல்லது ஆள் மறித்து நிற்கும்போது நடுத்தூரத்திலிருந்தா என்று குறித்து வையுங்கள். ஒருவர் களத்தில் இருந்தபோது அணி எத்தனை புள்ளி முன்னே அல்லது பின்னே என்று காட்டும் பிளஸ்-மைனஸ் எண்ணை விட்டுவிடுங்கள். தோற்கிற அணியில் அது உடன் ஆடியவர்களின் பாவத்தையும் சேர்த்துக் காட்டும்.

பீனிக்ஸ் அணியோடு செய்த வியாபாரத்தையும் சிலர் குறை சொல்கிறார்கள். 2025 ஜனவரியில் மூன்று முதல் சுற்றுப் பிக்குகளைக் கொடுத்து, பீனிக்ஸின் 2031 பிக் ஒன்றை இந்த இடத்துக்குள் விழுந்தால் தரமாட்டோம் என்ற எந்தப் பாதுகாப்பு நிபந்தனையும் இல்லாமல் வாங்கினார்கள். கொடுத்தவை கையிலிருந்தவற்றில் கடைசித் தரம். மூன்று கூடை நெத்தலிக்கு ஒரு சீலா. ஆனால் சீலா இன்னும் கடலில் இருக்கிறது. எங்களுக்கு அது பிடித்த வியாபாரம்.

ஒக்லஹோமாவுக்கு மாறுவது உங்கள் விருப்பம். 22–50, 24–58 என்று அவர்கள் இருந்த நாட்களில் கூட இருந்தவர்கள் பந்தியில் நகர்ந்து இடம் தருவார்களா என்பது வேறு. ஆனால் ஜாஸ் அந்த அணிக்கே ஒரு பிக் பாக்கி வைத்திருக்கிறது தெரியுமா? 2021இல் டெரிக் ஃபேவர்ஸின் சம்பளச் சுமையை இறக்கிவைக்கக் கொடுத்தது. 2026 பிக் முதல் எட்டுக்குள் விழுந்தால் ஜாஸுக்கே, பாக்கியும் அத்தோடு ரத்து. ஒன்பதோ அதற்குக் கீழோ போனால் ஒக்லஹோமாவுக்கு. அடியிலிருந்து நான்காவதாக முடிக்கும் அணி குலுக்கலில் அதிகபட்சம் எட்டுக்குத்தான் இறங்க முடியும். அதனால் கடைசி நான்கில் முடிப்பதுதான் முழுப் பாதுகாப்பு. 2025–26 சீசனிலும் தோற்கத்தான் பார்ப்பார்கள் என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்காக ஒரு ஏற்பாடு. சால்ட் லேக்கில் இரவு 7 மணி ஆட்டம் குளிர்காலத்தில் உங்களுக்குக் காலை 7.30. கிழக்கே போய் ஆடினால் 5.30. நவம்பர் முதல் ஜனவரி வரை உள்ளூர் ஆட்டங்களை மட்டும் நேரலையில் பாருங்கள், கிழக்கு ஆட்டங்களுக்குச் சுருக்கக் காட்சி போதும். பிப்ரவரித் தொடக்கத்தில் அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் டிரேட் கெடு முடிந்ததும் அலாரத்தை அணைத்துவிட்டு, எடை போட்டு முடித்த பிறகு யார் எத்தனை நிமிடம் ஆடினார் என்ற பட்டியலையும், கீழிருந்து எத்தனாவது இடம் என்பதையும் பார்த்தால் போதும்.