உலகின் முதல் பெண் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவை ஒரு தமிழர் எவ்வாறு மதிப்பிடுவது?

கேள்வி கேட்டவர், தம் மகள் பெண் ஆட்சியாளர்களைப் பற்றிப் பள்ளிக்கு ஒரு கட்டுரை எழுதுவதாகவும், அந்தப் பட்டியலில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் பெயரைக் கண்ட வீட்டுப் பெரியவர் ஒருவர் "இவரையுமா?" என்று முகம் சுளித்ததாகவும் குறிப்பிட்டிருக்கிறார். சேர்க்கலாமா, விட்டுவிடலாமா என்பதே அவருடைய ஐயம்.

சேர்க்கத்தான் வேண்டும் என்பது என் பதில். ஆனால் அந்தப் பெரியவர் முகம் சுளித்ததற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு எழுதினால் கட்டுரை வினாடி வினாப் புத்தகத்தின் ஒரு வரியாகவே நின்றுவிடும். நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு கமக்கார, அதாவது உழவர், குடும்பத்தில் பிறந்தவன். என் பார்வையில் அந்த மண் கொஞ்சம் ஒட்டியிருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்பது உங்களுக்குச் சற்று வியப்பாகவும் இருக்கலாம்.

சிறிமாவோ 1916 ஏப்ரல் 17 அன்று, கண்டி இராச்சியக் காலத்திலிருந்தே செல்வாக்கோடு விளங்கிய ரத்வத்தை என்னும் நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தார். பௌத்தராக வளர்ந்தபோதிலும் கொழும்பில் கத்தோலிக்கக் கன்னியர் மடப் பள்ளியில் படித்தார். 1940-இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவை மணந்தார். கணவர் அரசியலில் ஏறிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அவர் கிராமப் பெண்களுக்கான மகளிர் சமித்தி ஒன்றின் வழியாக ஊர் ஊராகச் சென்று வேலை செய்துகொண்டிருந்தார். பிற்காலத்தில் எதிரணியினர் "அடுப்பங்கரையிலிருந்து நேரே வந்தவர்" என்று பேசியபோது இந்தப் பகுதியை வசதியாக மறந்துவிட்டார்கள்.

1959 செப்டம்பர் 25 அன்று கொழும்பு ரோஸ்மீட் பிளேஸிலுள்ள வீட்டில் வைத்துப் பிரதமர் பண்டாரநாயக்கவை ஒரு பௌத்த பிக்கு சுட்டார். மறுநாள் பிரதமர் இறந்தார். சிங்களத்தை மட்டுமே ஆட்சி மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்து, பிக்குகளின் ஆதரவோடு ஆட்சிக்கு வந்த ஒருவர், ஒரு பிக்குவின் கையாலேயே இறந்தது இலங்கை அரசியலின் கசப்பான முரண்களில் ஒன்று. தலைவரை இழந்த சுதந்திரக் கட்சி தடுமாறியது. 1960 மார்ச்சில் நடந்த தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல், அமைந்த அரசும் அடுத்த மாதமே கவிழ்ந்தது. ஜூலையில் மீண்டும் தேர்தல் வந்தபோது கட்சி சிறிமாவோவின் தலைமையை நாடியது. கூட்டங்களில் மறைந்த கணவரின் ஒலிப்பதிவுப் பேச்சுகள் ஒலிபரப்பப்பட்டன. "அழும் விதவை" என்று எதிரணி எள்ளியது. கட்சி 75 இடங்களை வென்றது. தேர்தலில் போட்டியிடாத அவர் 1960 ஜூலை 21 அன்று பிரதமராகி, பின்னர் மேலவையான செனற் சபை வழியாக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். இந்திரா காந்தி பிரதமராக இன்னும் ஐந்தரை ஆண்டுகள் இருந்தன.

அனுதாப அலையில் வந்தவர் என்பது உண்மைதான். ஆனால் வந்த பின் அவர் நடந்துகொண்ட முறையில் அனுதாபத்துக்கு இடமே இல்லை. பாதுகாப்பையும் வெளியுறவையும் தம் கையில் வைத்துக்கொண்டார். அரச உதவி பெற்ற பள்ளிகளை, பெரும்பாலும் கிறிஸ்தவத் திருச்சபைகள் நடத்தியவற்றை, அரசு பொறுப்பேற்றது. எரிபொருள் வணிகத்தில் வேரூன்றியிருந்த வெளிநாட்டு நிறுவனங்களின் சொத்துகளைக் கையகப்படுத்தியதற்காக 1963-இல் அமெரிக்கா உதவியை நிறுத்தியபோதும் அவர் பின்வாங்கவில்லை. 1962 ஜனவரியில் காவல்துறை, படை அதிகாரிகள் சிலர் தீட்டிய ஆட்சிக் கவிழ்ப்புச் சதியை முறியடித்தார். அதே ஆண்டு இந்தியாவும் சீனாவும் எல்லையில் மோதிக்கொண்டபோது ஆறு அணிசேரா நாடுகளைக் கொழும்பில் கூட்டி, அங்கு உருவான யோசனைகளைப் பீக்கிங்குக்கும் டில்லிக்கும் தாமே எடுத்துச் சென்றார். இவை எவையும் கணவரின் ஒலிப்பதிவு நாடாக்கள் செய்து கொடுத்த வேலைகள் அல்ல.

இந்த உறுதியே தமிழர் பக்கம் திரும்பியபோதுதான் கதை மாறுகிறது. கணவர் 1956-இல் கொண்டுவந்த தனிச் சிங்களச் சட்டம் 1961 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 1957-இல் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்து, பின் பிக்குகளின் எதிர்ப்புக்கு அஞ்சி அதைக் கைவிட்ட கணவரிடமாவது ஒரு தயக்கம் இருந்தது. மனைவியிடம் அந்தத் தயக்கம் இல்லை. 1961 பிப்ரவரியில் தமிழரசுக் கட்சியினர் யாழ்ப்பாணக் கச்சேரியின், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தின், வாயிலில் அமர்ந்து சத்தியாக்கிரகம் தொடங்கினர். அது திருகோணமலை, மட்டக்களப்பு என்று பரவியது. ஏப்ரலில் அவர்கள் சொந்தமாக அஞ்சல் சேவை ஒன்றைத் தொடங்கி முத்திரையும் வெளியிட்டதும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக்குப் படை வந்தது; தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமில் தடுத்து வைக்கப்பட்டனர். பேச்சுவார்த்தைக்கு இடம் இருந்த கட்டத்தில் படையை அனுப்பியது அவருடைய முதல் பெரும் தவறு என்று நான் கருதுகிறேன்.

ஆயினும், அவருடைய பெயரோடு என்றென்றைக்குமாக ஒட்டிக்கொண்டது வேறொரு விடயம். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரின் குடியுரிமையை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பறித்துவிட்டிருந்தது. அதைச் செய்தவர் டி. எஸ். சேனாநாயக்க, சிறிமாவோ அல்ல. நேரு இருந்தவரை, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களை இந்தியா மொத்தமாக ஏற்றுக்கொள்ள இயலாது என்ற நிலையில் நின்றார். 1964 மே மாதத்தில் நேரு மறைந்தார். அக்டோபரில் டில்லிக்குச் சென்ற சிறிமாவோ, புதிய பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியுடன் பேசி, 30-ஆம் நாள் ஒப்பந்தத்தோடு நாடு திரும்பினார். நாடற்றவர்கள் என்று கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம். 1974-இல் இந்திரா காந்தியுடன் பேசி, அந்த எஞ்சியவர்களையும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

இராஜதந்திரக் கணக்கில் பார்த்தால் இது அவருக்குப் பெரும் வெற்றி. தன்னைவிடப் பன்மடங்கு பெரிய அண்டை நாட்டை, அது பல ஆண்டுகளாக மறுத்துவந்த ஒன்றுக்கு ஒரு சிறிய நாட்டின் பிரதமர் இணங்க வைத்தார். அந்த எண்களுக்குள் இருந்த மனிதர்களை எவரும் கேட்கவில்லை என்பதே அதன் மறுபக்கம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில், ஒரே லயத்தில் அண்ணனுக்கு இலங்கைக் குடியுரிமையும் தம்பிக்கு இந்தியக் கடவுச்சீட்டும் கிடைத்தன. மலையகத்திலிருந்து தலைமன்னார்க் கப்பலுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற தொடர்வண்டிக்கு அங்கத்தைய மக்கள் "ஒப்பாரிக் கோச்சி" என்று பெயர் வைத்தார்கள். மண்டபம் முகாமில் இறங்கியவர்களில் பலர் நீலகிரியில் அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறிக்கப் போனார்கள். கேள்வி கேட்டவர் தமிழ்நாட்டில் இருப்பவராயின், கூடலூர்ப் பக்கமோ கோத்தகிரிப் பக்கமோ சென்று விசாரித்தால், பாடநூலில் ஒரு வரியாக நிற்கும் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் முழு வடிவத்தையும் மகள் கேட்டறியலாம்.

ஒப்பந்தம் முடிந்த சில வாரங்களில், பத்திரிகைச் சட்டமூலத்தை எதிர்த்துச் சொந்தக் கட்சியினர் சிலரே அணி மாறியதால், டிசம்பர் 3 அன்று ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அரசு தோற்றது. 1970-இல் இடதுசாரிகளோடு கூட்டுச் சேர்ந்து 151 இடங்களில் 116-ஐ வென்று அவர் திரும்பி வந்தார். அந்த ஏழாண்டுகளைப் பற்றித்தான் எங்கள் வீட்டில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை.

குற்றச்சாட்டுகளை முதலில் சொல்கிறேன். 1972 மே 22 அன்று நடைமுறைக்கு வந்த குடியரசு யாப்பு, அதாவது அரசியலமைப்பு, பௌத்தத்துக்கு முதன்மையிடம் வழங்கியது. சிங்களத்தை ஆட்சி மொழியாக யாப்பிலேயே பதித்தது. சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாகக் கருதப்பட்ட பழைய யாப்பின் 29-ஆம் பிரிவை இல்லாமல் ஆக்கியது. பல்கலைக்கழக அனுமதியில் "தரப்படுத்தல்" வந்தது: 1971-இல் பொறியியல் பீடத்துக்குத் தமிழ் மொழிவழி மாணவர் 250 புள்ளிகள் பெற வேண்டியிருந்தபோது சிங்கள மொழிவழி மாணவருக்கு 227 போதுமாயிருந்தது. பின்னர் அது மாவட்ட ஒதுக்கீடாக மாறி, பின்தங்கிய தமிழ் மாவட்டங்கள் சிலவற்றுக்கும் பயன் தந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த 23 புள்ளிகள் யாழ்ப்பாணத்து இளைஞர் மனத்தில் உண்டாக்கிய காயத்தை எந்த மாவட்ட ஒதுக்கீடும் ஆற்றவில்லை. 1976-இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியதற்கு இவற்றைத் தவிர்த்து விளக்கம் கொடுக்க முடியாது. 1971 ஏப்ரலில் கிளர்ந்த சிங்கள இளைஞர்களையும் அதே அரசு ஆயிரக்கணக்கில் கொன்று ஒடுக்கியது. ஆகவே அவருடைய கடுமை தமிழருக்கென்று மட்டும் ஒதுக்கி வைக்கப்பட்டதும் அன்று.

இனி எங்கள் வீட்டுக் கதை. அந்நியச் செலாவணி இல்லாத நிலையில் அவருடைய அரசு செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. தெற்கில் மக்கள் பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, வரிசையில் நின்றார்கள். ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அரிசி கொண்டு செல்லவும் தடை இருந்தது. மலையகத் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. அதே காலத்தில் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் மிளகாயும் வெங்காயமும் பொன்னாக விளைந்தன. எங்கள் தாத்தா பட்டையால் நீர் இறைத்த கிணற்றுக்கு அந்த ஆண்டுகளில்தான் இயந்திரம் வாங்கினார். மண்சுவர் வீட்டை இடித்துக் கல்வீடு கட்டி, முகப்பில் 1974 என்று சீமெந்தில் பொறித்தார். அதே ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ யாழ்ப்பாணம் வந்து திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகத்தைத் திறந்து வைத்தார். தமிழரசுக் கட்சிக்கு அல்லாமல் வேறு எவருக்கும் வாக்களித்திராத தாத்தா, அவரைக் கடைசிவரை "சிறிமா அம்மா" என்றே குறிப்பிட்டார். 1977-க்குப் பின் வந்த அரசு இறக்குமதியைத் திறந்துவிட, வெங்காயத்தின் விலை விழுந்தபோது, அந்த அம்மா இருந்திருந்தால் இப்படி விட்டிருக்க மாட்டா என்று சொல்வாராம். தரப்படுத்தலைப் பற்றி என் மாமா எதிர்வாதம் தொடங்கினால் தாத்தா எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நிலச் சீர்திருத்தத்தையும் குறிப்பிடாமல் விட இயலாது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய நிலம் 50 ஏக்கர் என்று 1972-இல் வரம்பு விதித்தபோது, அவர் தம் உறவினரின் சொத்துகளுக்கும் சேர்த்தே அந்த வரம்பை விதித்தார். நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்த ஆட்சியாளர்களில் அதைச் செய்தவர்கள் குறைவு. 1974 ஜூன் மாதத்தில் கச்சத்தீவு இலங்கைக்கு உரியதென்று இந்திரா காந்தியுடன் உடன்பாடு எய்தியதும், 1976 ஆகஸ்டில் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாட்டைக் கொழும்பில் நடத்தியதும் அவருடைய வெளியுறவுத் திறமைக்குச் சான்றுகள். முதலாவதைத் தமிழ்நாட்டு மீனவர்கள் வேறு விதமாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

புதிய யாப்பைக் காரணம் காட்டி ஆயுட்காலத்தை நீட்டிக்கொண்ட அந்த நாடாளுமன்றத்துக்கு அடுத்த தேர்தல் 1977 ஜூலை 21 அன்றுதான் வந்தது. அவர் முதன்முதலில் பிரதமரான அதே நாள். 168 இடங்களில் அவருடைய கட்சிக்குக் கிடைத்தவை எட்டு. தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களோடு எதிர்க்கட்சியாயிற்று. 1980-இல் ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசு ஓர் ஆணைக்குழுவின் வழியாக அவருடைய குடிசார் உரிமைகளை ஏழு ஆண்டுகளுக்குப் பறித்து, நாடாளுமன்றத்திலிருந்தும் வெளியேற்றியது. அதை அரசியல் பழிவாங்கல் என்றே நான் கருதுகிறேன். 1988 குடியரசுத் தலைவர் தேர்தலில் அவர் பிரேமதாசவிடம் தோற்றார். 1994-இல் மகள் சந்திரிகா குடியரசுத் தலைவரானபோது, மகளின் கீழ் மூன்றாம் முறையாகப் பிரதமரானார். அப்போது அதிகாரம் வேறிடத்துக்குப் போயிருந்தது. 2000 ஆகஸ்டில் பதவி விலகி, அக்டோபர் 10 அன்று நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்துவிட்டுத் திரும்பும் வழியில் மாரடைப்பால் இறந்தார்.

உங்கள் மகள் அவரை "ஆண்களின் உலகில் சாதித்த பெண்" என்று மட்டும் எழுதினால் அது அவருக்கே செய்யும் அநீதி என்று சொல்வேன். ஓர் ஆண் பிரதமரின் செயல்களை எந்தத் தராசில் நிறுக்கிறோமோ அதிலேயே இவருடையவற்றையும் நிறுக்கட்டும்: ஒரு தட்டில் அமெரிக்காவுக்கு அஞ்சாத எண்ணெய்க் கொள்கையும் 50 ஏக்கர் வரம்பும், மறு தட்டில் 5,25,000 என்ற எண்ணும் 1972 யாப்பும். பக்கம் போதவில்லை என்றால் பிறப்பு, படிப்பு, திருமணம் எல்லாவற்றையும் இரண்டு வரியில் முடித்துவிட்டு, மிச்ச இடத்தை 1964 அக்டோபர் மாதத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்த பெரியவரிடமும் ஒருமுறை பேச வையுங்கள். அவருடைய உறவினர் எவரேனும் அந்தக் கப்பலில் வந்தவராக இருக்கக்கூடும்.