ஜூடோ கேள்வி பதில்: கானோ எதைக் கழித்தார்?

ஜூஜுட்சுவுக்குப் பெயர் மாற்றியதுதானே ஜூடோ?
இல்லை. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ, டெஞ்சின் ஷின்யோ, கிட்டோ என்ற இரண்டு ஜூஜுட்சு (பழைய ஜப்பானிய சண்டைக் கலை) மரபுகளைக் கற்றவர். 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் 12 பாய் விரித்த இடத்தில் கோடோகன் என்ற தன் ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். குத்து, உதை போன்ற ஆபத்தான அடிகளைக் கதா என்ற வடிவப் பயிற்சிக்குள் ஒதுக்கினார். மிச்சத்தை முழு பலத்தோடு ஆடிப் பார்க்கலாம். மறுநாளும் இரண்டு பேரும் பயிற்சிக்கு வரலாம். ரண்டோரி என்ற அந்தப் பயிற்சிதான் இதை விளையாட்டாக்கியது. அடிப்படை, நிலை குலைப்பது. சட்டைக் கையையும் கழுத்துப்பட்டையையும் பிடித்து முன்னால் இழுங்கள். எதிராளி பின்னால் சாய்ந்து முரண்டுவார். அந்த நொடியில் நீங்களும் அந்தப் பக்கமே தள்ளிக் காலை வாரிவிடுங்கள்.

பிளாக் பெல்ட் எத்தனை மாதத்தில்?
முதலில் விழக் கற்றுக்கொள்ளுங்கள். தாடை நெஞ்சோடு ஒட்டட்டும், கை பாயை அறையட்டும், தலை தரையில் படக்கூடாது.

ஜூடோவா கராத்தேவா, யார் ஜெயிப்பார்?
வேறு ஆளைக் கேளுங்கள்.

ஒலிம்பிக்கில் எப்போது சேர்ந்தது?
1964, டோக்கியோ. 1909இலேயே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் இடம்பெற்ற முதல் ஆசியரான கானோ அதைப் பார்க்கவில்லை. 1938இல் கப்பலில் ஊர் திரும்பும்போதே இறந்துவிட்டார். நான்கு பிரிவில் மூன்றை ஜப்பான் வென்றது. எடை வரம்பில்லாத பிரிவில், புடோகன் அரங்கில், நெதர்லாந்தின் ஆன்டன் கீசிங்க் அகியோ கமினாகாவைக் கீழே அமுக்கிப் பிடித்தே ஜெயித்தார். அவருடைய ஆட்கள் குதூகலத்தில் பாய்க்கு ஓடி வர, கீசிங்க் கையை உயர்த்தித் தடுத்தார். அந்தத் தோல்விதான் ஜூடோவை உலக விளையாட்டாக்கியது என்பேன். பெண்களுக்குப் பதக்கப் போட்டி வர 1992 பார்சிலோனா வரை ஆயிற்று.

இந்தியாவுக்கு?
தாகூர் அழைப்பில் 1929இல் ஜப்பானிய ஜூடோ ஆசான் தகாகாகி சாந்திநிகேதன் வந்து கற்பித்தார்.

யூடியூப் பார்த்துத் தம்பியோடு வீட்டில் பழகலாமா? பெல்ட் கிடைக்குமா?
மறுபடியும் பெல்ட்டா! விழத் தெரியாமல் யாரையும் தூக்காதீர்கள். கழுத்து நெரிப்பை ஆசான் இல்லாமல் தொடவே வேண்டாம்.

கானோ கழித்தால் ஞானம், எதிராளியின் காலைக் கையால் பிடிப்பதைச் சர்வதேச ஜூடோ கூட்டமைப்பு தடை செய்தால் மட்டும் துரோகம் என்கிறீர்களே, ஏன்?
நல்ல கேள்வி. கானோ கழித்தது எலும்பைக் காப்பாற்ற. 2010இல் தொடங்கி 2013இல் முழுமையான தடையோ ஆட்டத்தின் தோற்றத்துக்காக. தோளில் தூக்கி எறியும் கதா குருமா கானோவே உருவாக்கியது. காலைப் பிடித்து அதைப் போட்டால் இன்று தண்டனை.

காலைப் பிடிக்கக் குனிந்துகொண்டே முட்டும் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள் சார்?
குனிகிறவருக்குத் தண்டனை கொடுக்க நடுவர் இருக்கிறாரே. நுட்பத்தை ஏன் தூக்க வேண்டும்?

பார்வையாளர் இல்லாமல் ஒலிம்பிக்கில் இடம் நிலைக்குமா?
1968 மெக்சிகோவில் ஜூடோவே இல்லை, 1972இல் திரும்பியது. அப்போது காலைப் பிடிக்கத் தடையில்லை.