வீட்ல பூனை இருக்கு, புதுசா நாய்க்குட்டி வந்திருக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க வீட்ல ரெண்டு பூனைங்க, பெரியவளுக்கு 6 வயசு, சின்னவனுக்கு 3. போன வாரம் 9 வார நாய்க்குட்டி ஒண்ணு கூட்டிட்டு வந்தோம். அன்னிலேருந்து பெரியவ பீரோ மேலேயே உக்காந்திருக்கா, சின்னவன் குட்டியப் பாத்தாலே சீறுறான். என் வீட்டுக்காரர் "பூனையத் தூக்கிட்டு வந்து மூஞ்சிக்கு மூஞ்சி மோந்து பாக்க விட்டா பழகிடும்"ங்கறார். எனக்கு பயமா இருக்கு. செய்யலாமா?

பதில்: செய்யவே செய்யாதீங்க. உங்க பயம்தான் சரி. கைல இறுக்கிப் பிடிச்ச பூனைக்கு ஓட வழி கிடையாது, ஓட முடியலேன்னா அது நகத்தைத்தான் நம்பும், அந்த நகம் முதல்ல உங்க கையில விழும், அடுத்தது குட்டியோட கண்ணுல. சின்ன நாய்க்குட்டிக்கு சட்டுன்னு கண்ணை மூடுற அனிச்சை இன்னும் சரியா வந்திருக்காது, அதனாலதான் கருவிழில பூனை நகம் கீறின குட்டிங்க வெட்னரி டாக்டருங்ககிட்ட நிறைய வருது. அப்படி ஒரு தடவை நடந்துட்டா பூனைக்கும் அந்த குட்டின்னா ஆபத்துன்னு மனசுல பதிஞ்சிடும், அதை மாத்த ரொம்ப நாள் ஆகும்.

நான் எல்லார்கிட்டயும் சொல்றது இதுதான்: எவ்ளோ கிட்ட வரணும்ங்கறதை பூனை முடிவு பண்ணட்டும், நாம பழக்க வேண்டியது குட்டியை. நாய்க்குட்டி புதுசா எதையும் பயமில்லாம ஏத்துக்குற காலம் ஏறக்குறைய 3 வாரத்துல ஆரம்பிச்சு 12, 14 வாரம் வரைக்கும் இருக்கும், உங்க குட்டி சரியா அதுக்கு நடுவுல இருக்கு. பூனைக்கு அந்த காலம் 2லேருந்து 7 வாரத்துக்குள்ளயே முடிஞ்சிடுது. அப்போ 6 வயசுப் பூனை வேகமா மாறணும்னு எதிர்பாக்குறது நியாயமே இல்லைங்க, அது இத்தனை வருஷம் வாழ்ந்த வீடு அது.

இப்போதைக்கு குட்டிக்கு ஒரு ரூம் ஒதுக்கிடுங்க, மத்த இடமெல்லாம் பூனைங்களோடதாவே இருக்கட்டும். மோப்பம்தான் முதல் அறிமுகம், அதனால ஒரு சுத்தமான துணியால பூனையோட கன்னத்தை லேசா தடவி (அதோட வாசனை சுரப்பிங்க அங்கதான் இருக்கு) குட்டி படுக்குற இடத்துல போடுங்க, குட்டி படுத்த துணியை பூனை நடமாடுற இடத்துல ஒரு ஓரமா போடுங்க, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல மட்டும் வேண்டாம். பூனை அதை மோந்துட்டு சாதாரணமா நகர்ந்து போச்சுன்னா அடுத்து மூடின கதவுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு ரெண்டுக்கும் சாப்பாடு வைக்கலாம், முதல்ல கதவுலேருந்து தள்ளி, அப்புறம் நாளாக ஆக கிட்ட. அப்புறம்தான் பாக்க விடுறது, அதுவும் நடுவுல ஒரு தடுப்பு கேட் இருக்கணும், குட்டி ஹார்னஸ் (நெஞ்சைச் சுத்தி மாட்டுற பட்டை) போட்டு லீஷ்ல (பிடிக்கிற கயிறு) இருக்கணும், நல்லா விளையாடி மூத்திரம் போயிட்டு களைச்சிருக்கிற நேரமா இருக்கணும். அஞ்சு நிமிஷம் போதும்.

அந்த அஞ்சு நிமிஷத்துல உங்க கவனம் முழுக்க குட்டி மேலதான். அது பூனையப் பாத்துட்டு உங்களைத் திரும்பிப் பாக்குற அந்த நொடியிலேயே ட்ரீட் குடுங்க, பாத்துட்டு தரையில உக்காந்தாலும் குடுங்க. பூனையைப் பாத்தா அம்மாவைத் திரும்பிப் பாக்கணும்ங்கற பழக்கம் மட்டும் வந்துட்டா முக்கால்வாசி வேலை முடிஞ்சுதுங்க. குட்டி குரைச்சு இழுத்தா திட்ட வேண்டாம், பேசாம லீஷோட பின்னாடி நகர்ந்து தூரத்தைக் கூட்டுங்க, ஏன்னா பூனை தெரியுற நேரமெல்லாம் திட்டு விழுந்தா குட்டி அந்த ரெண்டையும் முடிச்சுப் போட்டுக்கும்.

பீரோ மேல இருக்கிறவளை இறக்காதீங்க. உயரம்தான் அவளுக்கு பாதுகாப்பு. தண்ணியும் கொஞ்சம் சாப்பாடும் அங்கேயே வைங்க, அங்கேருந்து தரையைத் தொடாமலே அலமாரி, ஜன்னல் திண்டுன்னு அடுத்த ரூமுக்குப் போக ஒரு வழி பண்ணிக் குடுத்தா இன்னும் நல்லது. சின்னவன் சீறுறதுக்கும் கோவப்படாதீங்க, "கிட்ட வராதே"ன்னு வாயால சொல்றான், அதை அடக்கிட்டா அடுத்து நேரா கையத்தான் நீட்டுவான்.

இன்னொண்ணு, இதுங்க ரெண்டும் ஒருத்தர் பேசுறதை ஒருத்தர் தப்பாத்தான் புரிஞ்சுக்கும். நாய் வாலை ஆட்டுனா பெரும்பாலும் குஷி, பூனை வாலை சடார் சடார்னு அடிச்சா எரிச்சல். நாய் முன்னங்காலைத் தாழ்த்தி பின்பக்கம் தூக்குனா விளையாடக் கூப்பிடுது, பூனைக்கு அது பாயப் போற மாதிரி தெரியும். மிரண்ட பூனை மல்லாந்து படுத்துச்சுன்னா நாலு காலையும் தயாரா வச்சிருக்குன்னு அர்த்தம், குட்டி அதைப் பாத்து அடங்கிட்டான்னு நெனச்சு மூஞ்சிய நீட்டும். நீங்கதான் நடுவுல நின்னு பிரிக்கணும்.

கேள்வி: நாய்க்குட்டி வந்ததுலேருந்து எங்க ரெண்டு பூனையும் ஒண்ணையொண்ணு அடிச்சிக்குதுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணா கட்டிப்பிடிச்சு தூங்குனதுங்க. ஏன் இப்படி?

பதில்: பாக்கவே கஷ்டமாத்தான் இருக்கும். குட்டி மேல வந்த பயமும் கோவமும் அதுகிட்ட காட்ட முடியாம பக்கத்துல இருக்கிற பூனை மேல திரும்புது, கூடவே ஒண்ணு மேல நாய் வாசனை ஒட்டியிருந்தா இன்னொண்ணுக்கு அது யாரோ மாதிரி இருக்கும். சண்டை நடக்கும்போது கையை மட்டும் நடுவுல விடாதீங்க, ஒரு தலகாணியோ அட்டையோ நடுவுல நுழைச்சு பிரிச்சு, தனித்தனி ரூம்ல விட்டு, அதுங்க நல்லா அமைதியாகுற வரைக்கும் சேக்காதீங்க, சில சமயம் ஒரு நாள் முழுக்க கூட ஆகும். சாப்பாட்டுத் தட்டு, தண்ணி, படுக்குற இடம் எல்லாம் தள்ளித்தள்ளி வைங்க, லிட்டர் பாக்ஸ் (பூனை மலம், மூத்திரம் போற மண் பெட்டி) பூனை எண்ணிக்கையை விட ஒண்ணு கூட இருக்கணும். குட்டியோட அறிமுகத்தையும் ஒவ்வொரு பூனைக்கும் தனித்தனியா பண்ணுங்க, ரெண்டையும் ஒரே நேரத்துல வேண்டாம்.

கேள்வி: நாய்க்குட்டி, பூனையோட சாப்பாட்டைத் திங்குது, லிட்டர் பாக்ஸுலயும் வாய் வைக்குது. அசிங்கமா இருக்கு, ஆபத்தா?

பதில்: பூனை உணவுல புரோட்டீனும் கொழுப்பும் அதிகம், ருசியா இருக்கும், ஆனா குட்டிக்கு வயித்தால போகும். திருப்பி, பூனை நாய் சாப்பாட்டைத் திங்குறதும் தப்பு, பூனைக்கு டாரின்ங்கற சத்து சாப்பாட்டுலேருந்தே கிடைச்சாகணும், நாய் உணவுல அது போதுமான அளவு இருக்கும்னு சொல்ல முடியாது, மாசக்கணக்குல குறைஞ்சா கண்ணும் இதயமும் கெடும். லிட்டரைப் பொறுத்தவரை, கட்டி பிடிக்கிற வகையை குட்டி நிறைய முழுங்கிட்டா குடல் அடைக்கலாம், பூச்சியும் தொத்தும். பாக்ஸை பூனை மட்டும் நுழையுற இடத்துக்கு மாத்துங்க, ஆனா மாத்துன இடத்துக்குப் போக பூனைக்கு குட்டியத் தாண்டிப் போற நிலைமை வரக்கூடாது.

கேள்வி: குட்டிக்கு உண்ணிக்காக முதுகுல விடுற சொட்டு மருந்து வாங்கினோம், மிச்சம் இருக்கு. பூனைக்கும் கொஞ்சமா விடலாமா?

பதில்: ஒரு சொட்டு கூட வேண்டாம். தயவுசெஞ்சு இதை வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லுங்க. நாய்க்கான சில மருந்துல பெர்மெத்ரின்னு ஒண்ணு இருக்கும், அதை உடைச்சு வெளியேத்துற சக்தி பூனையோட ஈரலுக்கு சரியா கிடையாது, நடுக்கம், வலிப்பு வந்து உயிரே போயிடும். அந்த மருந்து போட்ட நாயை உரசுனாலோ நக்குனாலோ கூட பாதிக்கும், அதனால பூனை இருக்கிற வீடுன்னு டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லி பெர்மெத்ரின் இல்லாததா வாங்குங்க. தெரியாம பட்டுடுச்சுன்னா காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரி, மருந்து அட்டையையும் எடுத்துட்டுப் போங்க. பாராசிட்டமாலும் பூனைக்கு இப்படித்தான், கொல்லும்.

கேள்வி: குட்டி வந்து ரெண்டு நாளா பூனை சரியா சாப்பிடல. விட்டா தானா சரியாகுமா?

பதில்: கொஞ்சமா கொறிக்குதுன்னா அமைதியான இடத்துல வச்சுப் பாருங்க. ஒண்ணுமே தொடலேன்னா 24 மணி நேரத்துக்கு மேல பாத்துட்டிருக்காதீங்க, முக்கியமா குண்டான பூனை பட்டினி கிடந்தா ஈரல்ல கொழுப்பு சேந்து ரொம்ப மோசமாயிடும். ஆண் பூனை லிட்டர் பாக்ஸ்ல போயிப் போயி முக்குது, மூத்திரம் வரலேன்னா அது ராத்திரின்னாலும் அவசரம்தான். மன அழுத்தம் பூனையோட மூத்திரப்பையைத் தாக்கும், அடைச்சுக்கிட்டா ஓரிரு நாள்ல உயிருக்கே ஆபத்து.

கேள்வி: எப்போ ரெண்டையும் தனியா விட்டுட்டு வெளிய போகலாம்?

பதில்: தேதி சொல்ல முடியாதுங்க, சில வீட்ல சில வாரம், சில வீட்ல பல மாசம். பூனை, நாய்க்குட்டி முன்னாடியே தைரியமா சாப்பிடுது, உடம்பை நக்கிக்குது, முதுகைக் காட்டிப் படுக்குது, பூனை ஓடுனாலும் குட்டி துரத்தாம நீங்க கூப்பிட்டா வருது, இதெல்லாம் வாரக்கணக்குல தொடர்ந்து நடந்தா கொஞ்ச கொஞ்ச நேரமா விட்டுப் பாக்கலாம். குட்டி வாயை மூடி, உடம்பை விறைச்சு, கண்ணெடுக்காம பூனையவே பாக்குதுன்னா அது விளையாட்டு இல்ல, அங்கேயே பிரிச்சிடுங்க, திரும்பத் திரும்ப நடந்தா நாய்ப் பழக்கம் தெரிஞ்ச டாக்டர்கிட்ட காட்டுங்க. பெரிய இன நாய்னா, அன்பா இருந்தாலும் ஒரு விளையாட்டுத் தட்டுல பூனை எலும்பு உடையலாம், அது வளந்து நிதானம் வர்ற வரைக்கும் நீங்க வெளிய போற நேரத்துல தனித்தனி ரூம்தான்.