கீபோர்டைத் தட்டினால்தான் என் லினக்ஸ் பெட்டி பூட் ஆகிறது. பேய் பிடித்திருக்கிறதா?

உங்கள் பெட்டிக்குத் திரை கிடையாது, கர்னல் (லினக்ஸின் மையக்கரு) ஏறிவிடுகிறது, தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் மட்டும் பல நிமிடம் எழுவதில்லை, கீபோர்டைச் செருகினால் உடனே வந்துவிடுகிறது என்கிறீர்கள். பேய் எல்லாம் இல்லை. 2019 கடைசியில் எனக்கும் இதே கதைதான்.

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் இருக்கும் எங்கள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து கார் நிறுத்துமிடங்களுக்குச் சின்னப் பெட்டிகள் போகும். அவற்றை டெபியன் 10 என்ற லினக்ஸ் வகைக்கு மாற்றிய வாரமே ஒரு கட்டடத்தின் பேஸ்மெண்ட் இரண்டிலிருந்து போன்: "அண்ணே, பெட்டி செத்துப்போச்சு." எம்ஆர்டி பிடித்துப் போய்க் கீபோர்டைச் செருகினேன். ஒரு எழுத்து அடிக்கவில்லை, பெட்டி எழுந்துவிட்டது. பக்கத்தில் நின்ற தம்பி என்னை மந்திரவாதி மாதிரி பார்த்தார்.

விஷயம் இதுதான். எஸ்எஸ்எச் தன் தகவலைப் பூட்டும் மறைகுறி விசையை உருவாக்க யாராலும் ஊகிக்க முடியாத எண் வேண்டும். கர்னல் அதை இன்டரப்ட் (வன்பொருள் சிபியுவைக் கூப்பிடும் சைகை) வந்து விழும் நேரத்தின் நுண்ணிய ஏற்ற இறக்கத்திலிருந்து பொறுக்கி ஒரு குளத்தில் சேர்க்கிறது: கீபோர்டு, டிஸ்க், நெட்வொர்க். ஊகிக்க முடியாமையைப் பிட்டில் அளப்பார்கள்; இப்போதைய லினக்ஸ் 256 பிட் சேர்ந்தால்தான் தயார் என்று சொல்லும். நம்மூர் ஃபோர்-டி நாலிலக்க லாட்டரியின் முதல் பரிசு எண்ணில் பத்தாயிரம் சாத்தியம்தான், ஏறக்குறைய 13 பிட். அப்படி இருபது குலுக்கல் நடந்தால்தான் 256 நிறையும். சுழலும் டிஸ்க் இல்லை, ஆள் இல்லை, நெட்வொர்க் இன்னும் எழவில்லை, கடிகாரம்கூட 1970-இல் தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் அச்சு மாறாமல் ஒரே மாதிரி எழுகிற பெட்டிக்கு அத்தனை ஆச்சரியம் எங்கிருந்து வரும்?

பழைய மென்பொருள்கள் தற்செயல் எண்ணுக்கு யூரேண்டம் என்ற கர்னல் கோப்பைப் படிக்கும். அது யாரையும் காக்க வைக்காது, குளம் காய்ந்திருந்தாலும் எதையாவது கொடுத்துவிடும். 2014-இல் லினக்ஸ் 3.17-உடன் வந்த கெட்ரேண்டம் என்ற அழைப்பு, குளம் ஒருமுறை நிறையும்வரை கேட்கும் மென்பொருளை நிறுத்தி வைக்கும். டெபியன் 10-இல் எஸ்எஸ்எச் பயன்படுத்தும் மறைகுறி நூலகமான ஓபன்எஸ்எஸ்எல் இந்தக் கெட்ரேண்டமைத்தான் கேட்கிறது. கீபோர்டைச் செருகியதும் இன்டரப்ட் வந்து குளம் நிறைகிறது. ஆக, உங்கள் பெட்டி கெட்டுப்போகவில்லை. முன்பு பொய் சொல்லிக்கொண்டிருந்தது, இப்போது உண்மை பேசுகிறது.

நான் அன்று செய்த திருட்டு வேலையையும் சொல்லிவிடுகிறேன். குளத்தை நிரப்பும் ஆர்என்ஜிடி என்ற சேவையை யூரேண்டமிலிருந்தே படிக்கச் சொன்னேன். பெட்டி பறந்தது. எங்கள் மூத்தவர் பார்த்துவிட்டு, "தம்பி, அண்டாத் தண்ணியையே மொண்டு மறுபடி அண்டாவில் ஊத்திட்டு நிறைஞ்சுபோச்சுங்கிறீங்களே" என்றார். வலையில் இன்னும் இதைத் தீர்வென்று எழுதுகிறார்கள். செய்யாதீர்கள்.

ஏன் இத்தனை கவலை? 2012-இல் ஹெனிங்கர், துருமெரிக், வுஸ்ட்ரோ, ஹால்டர்மேன் ஆகிய ஆய்வாளர்கள் இணையம் முழுக்கத் துழாவி, டிஎல்எஸ் (இணையத் தொடர்பைப் பூட்டும் முறை) சேவையகங்களில் 0.5 சதவீதத்தின், இரண்டு பகா எண்களைப் பெருக்கிச் செய்யும் ஆர்எஸ்ஏ வகை ரகசிய விசைகளைக் கணக்குப் போட்டே எடுத்தார்கள். பெரும்பாலும் ரவுட்டர், ஃபயர்வால் வகையறா. முதல் பூட்டிலேயே, குளம் காய்ந்திருந்தபோதே விசை செய்ததால், இரண்டு கருவிகள் ஒரே பகா எண்ணைப் பகிர்ந்திருந்தன. இரண்டு பொதுவிசைகளின் மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டாலே போதும், பூட்டு திறந்துவிடும். பள்ளிக்கூடக் கணக்கு!

இனி, செய்யவேண்டியது. முதலில் கர்னல் பதிப்பைப் பாருங்கள். 2019-இல் 5.3 தயாரானபோது ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையை வேகப்படுத்தினார்கள். டிஸ்க் படிப்பு குறைந்தது, இன்டரப்ட் குறைந்தது, சிலருடைய கணினி பூட்டிலேயே நின்றது. வேகத்துக்குக் கிடைத்த தண்டனை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் அந்த மாற்றத்தைத் திரும்ப எடுத்தார். பிறகு 5.4-இல், குளம் நிறையாவிட்டால் சிபியு சுழற்சி எண்ணியையும் டைமரையும் மோதவிட்டு அந்த நடுக்கத்திலிருந்து கர்னலே சேர்த்துக்கொள்ளும் வழி வந்தது. சுழற்சி எண்ணி இல்லாத பழைய சில்லுகளில் இது உதவாது. எளிமையான சின்னச் சில்லுகளில் இதை மட்டும் நம்ப எனக்கு மனம் வருவதில்லை.

அதனால் சில்லிலேயே தற்செயல் எண் வன்பொருள் இருக்கிறதா என்று தேடுங்கள். ராஸ்பெர்ரி பையில் உண்டு. எங்கள் பெட்டியிலும் இருந்தது. இடம் மிச்சம் என்று கர்னல் கட்டும்போது நாங்களே அந்த டிரைவரை விட்டிருந்தோம்! கான்ஃபிக்கில் ஒரு வரி, அவ்வளவுதான். மெய்நிகர் இயந்திரம் என்றால் விர்ட்டியோ-ஆர்என்ஜி என்ற மெய்நிகர் தற்செயல் எண் கருவியைக் கொடுங்கள்.

இன்னொன்று: ஷட்டவுனில், சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி, அடுத்த பூட்டில் குளத்தில் ஊற்ற ஒரு விதைக் கோப்பைச் சேமிக்கும். ஒரு பெட்டியின் எஸ்டி கார்டை நகலெடுத்து நூறு பெட்டிக்குப் போட்டால் நூற்றுக்கும் ஒரே விதை. நகலெடுக்கும் முன் அந்தக் கோப்பையும் பெட்டியின் அடையாளமான எஸ்எஸ்எச் ஹோஸ்ட் விசைகளையும் அழித்துவிடுங்கள்.