நத்தைக்குப் பரிந்து பேச யார்?

கேள்வி: ஹம்மிங் பறவை அழிகிறது என்றால் எல்லோரும் பதறுகிறார்கள். நத்தை அழிந்தால் என்ன போச்சு? இரண்டும் ஒன்றா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: ஒன்றுதான். சிலி நாட்டின் ராபின்சன் குரூசோ தீவில் மட்டுமே கூடு கட்டும் ஃபயர்கிரவுன் என்கிற ஹம்மிங் பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் செங்கல் நிறம், பெண் பச்சையும் வெள்ளையும். மனிதர்கள் கொண்டுபோன பூனையும் எலியும் அதைத் தின்கின்றன, களைச்செடிகள் அது தேன் குடிக்கும் காட்டை விழுங்குகின்றன.

ஹவாயின் ஓவாஹு தீவு மரநத்தைகளின் நிலை இன்னும் மோசம். பெரிய ஆப்பிரிக்க நத்தையை (மழைக்காலத்தில் நம்மூர் தோட்டங்களிலும் மேய்கிறதே, அதேதான்) ஒழிப்பதற்காக 1955இல் வேட்டையாடும் நத்தை ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். அதுவோ சளித்தடத்தைப் பிடித்துக்கொண்டே போய் உள்ளூர் நத்தைகளைத் தின்று தீர்த்தது. பாவம், இலையைக்கூடக் கடிக்காமல் அதன்மேல் படிந்த பூஞ்சையை மட்டும் சுரண்டித் தின்னும் பிராணி, முட்டையிடாமல் ஒரு நேரத்தில் ஒரே குட்டி போடும், அந்தக் குட்டி வளர்ந்து ஆளாகவே சில வருடங்கள் ஆகும். அப்புறம் எப்படித் தாக்குப்பிடிக்கும்? அதில் ஓர் இனத்தின் கடைசி நத்தைக்கு ஜார்ஜ் என்று பெயர் வைத்து ஆய்வகத்தில் வளர்த்தார்கள். 2019 புத்தாண்டு அன்று அதுவும் செத்துப்போனது.

பறவைக்குப் பறந்து தப்பவாவது வழியுண்டு. பல நத்தைகளுக்கு ஒரே மரம்தான் ஆயுள் முழுக்க. அதனால் என்னைக் கேட்டால், அக்கறை முதலில் நத்தைக்குத்தான் போக வேண்டும். மிச்சமிருப்பவற்றை இப்போது ஆய்வகத்திலும், வேட்டைநத்தை ஏற முடியாதபடி வேலி போட்ட காட்டுத்துண்டுகளிலும் காப்பாற்றி வருகிறார்கள்.